கப்பலுக்கு இனி எந்த எரிபொருள்? மெத்தனால், அம்மோனியா, கரை மின்சாரம்: கணக்கோடு ஒரு பதில்

கேள்வி இதுதான்: கப்பல்கள் கரிய எண்ணெயை விட்டுவிட்டு எதில் ஓடப்போகின்றன? மெத்தனால், அம்மோனியா, ஹைட்ரஜன் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். துறைமுகங்கள் தம் பங்குக்கு என்ன செய்யலாம்?

ஒரே எரிபொருள்தான் ஜெயிக்கும் என்று அடித்துச் சொல்பவர் பெரும்பாலும் அதை விற்பவராக இருப்பார். கப்பலின் அளவு, ஓடும் தூரம், நிற்கும் துறைமுகங்கள் ஆகியவற்றைப் பொறுத்து விடை மாறும். ஆனால் எந்தக் கப்பலானாலும் முதலில் போட வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதை முடித்துவிட்டு எரிபொருளுக்கு வருவதுதான் முறை.

ஒரு நடுத்தரக் கன்டெய்னர் கப்பல் நாளுக்கு 60 டன் எண்ணெய் எரித்து 20 நாள் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,200 டன். டன்னுக்கு 41 கிகாஜூல் வீதம் 49,200 கிகாஜூல் ஆற்றல். எண்ணெயாக இது சுமார் 1,260 கன மீட்டர் இடத்தில் அடங்கிவிடும். இதே ஆற்றலுக்கு எல்என்ஜி (திரவ இயற்கை வாயு) என்றால் ஏறத்தாழ 1,000 டன், 2,230 கன மீட்டர். மெத்தனால் என்றால் 2,470 டன், 3,120 கன மீட்டர். அம்மோனியா என்றால் 2,645 டன், 3,880 கன மீட்டர். திரவ ஹைட்ரஜன் எடையில் 410 டன்தான், ஆனால் 5,780 கன மீட்டர் கேட்கும். தொட்டியைச் சுற்றி வரும் காப்பு, இடைவெளி, குளிரூட்டும் சாதனம் எதுவும் இந்த எண்களில் சேரவில்லை.

பேட்டரி? எஞ்சின் பாதி ஆற்றலைத்தான் வேலையாக மாற்றுகிறது என்பதால் 6,830 மெகாவாட் மணி (ஒரு மெகாவாட் மணி என்பது 1,000 யூனிட்) இருந்தால் போதும். கப்பலில் பொருத்தும் பேட்டரித் தொகுதி கிலோவுக்குச் சுமார் 100 வாட் மணி தருகிறது என்று கொண்டால் எடை 68,000 டன்னைத் தாண்டும். சரக்குக்கு இடமே இராது. பேட்டரி உதவாது என்று இதற்குப் பொருள் இல்லை. நார்வேயில் 2015 முதல் ஓடும் ஆம்பியர் என்ற கார் ஃபெர்ரி சுமார் 1 மெகாவாட் மணி பேட்டரியோடு ஒரு குறுகிய கடல்கழியைக் கடக்கிறது. ஒவ்வொரு கரையிலும் நிற்கும் சில நிமிடங்களில் சார்ஜ் ஏற்றிக்கொள்கிறது. அரைமணி ஓட்டத்துக்கு அதைவிடச் சிக்கனமான வழி இல்லை. 20 நாள் ஓட்டத்துக்கு அது வழியே இல்லை.

கணக்கின் அடுத்த பாதியைத்தான் பலரும் போடுவதில்லை. அந்த 2,470 டன் மெத்தனாலைப் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்திலிருந்து செய்ய என்ன வேண்டும்? ஒரு டன் மெத்தனாலுக்குச் சுமார் 190 கிலோ ஹைட்ரஜனும் ஏறத்தாழ 1.4 டன் கார்பன் டை ஆக்சைடும் தேவை. நீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் போகும். அழுத்துவது, வடிப்பது எல்லாம் சேர்த்து டன்னுக்கு ஏறத்தாழ 11 மெகாவாட் மணி. ஆக, ஒரே ஒரு பயணத்துக்கு 27 கிகாவாட் மணி. அதே 20 நாளும் கரையில் ஒரு மின்நிலையம் விடாமல் 56 மெகாவாட் தந்துகொண்டிருக்க வேண்டும். கப்பலின் உந்துதண்டில் வந்து சேருவதோ சராசரியாக 14 மெகாவாட். நாலில் மூன்று பங்கு வழியிலேயே போய்விடுகிறது. அம்மோனியாவிலும் ஏறத்தாழ இதே கதைதான்: டன்னுக்குச் சுமார் 10 மெகாவாட் மணி.

அதனால் எரிக்காமல் விட்ட ஒரு டன் எண்ணெய், மாற்றி எரித்த ஒரு டன்னைவிட மதிப்பு மிக்கது.

வேகம், காத்திருப்பு, காற்று

எஞ்சினிடம் கேட்கும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டிப் போகிறது. வேகத்தை 10% குறைத்தால் திறன் 27% இறங்கும். பயண நேரம் 11% கூடுவதையும் கணக்கில் சேர்த்தால் அந்தப் பயணத்தின் எரிபொருள் சுமார் 19% மிச்சம். இது உந்துவிசைக்கு மட்டும்தான். குளிர்பதனக் கன்டெய்னர்களுக்கும் மாலுமிகளின் குடியிருப்புக்கும் போகும் மின்சாரம் நேரம் கூடக் கூடக் கூடும்.

மெதுவாக ஓட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. பெரிய இரு-வீச்சு எஞ்சினை நாள்கணக்கில் மிகக் குறைந்த பளுவில் வைத்தால் டர்போசார்ஜருக்குப் போதிய வெளியேற்றக் காற்று கிடைக்காது, துணை ஊதி தொடர்ந்து ஓடும், எரியாத கரி வெளியேற்றக் குழாயிலும் பாய்லரிலும் படியும். சிலிண்டர் சுவர் குளிர்ந்துவிட்டால் எண்ணெயில் உள்ள கந்தகம் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். எனவே குறைந்த வேகம் நிரந்தரம் என்றால் எஞ்சினை அந்தப் பளுவுக்கு மறுசீரமைத்து, புரொப்பெல்லரையும் மாற்றிப் பொருத்த வேண்டும்.

இதைவிட எளிதான மிச்சம் துறைமுகத்தின் கையில் இருக்கிறது. கப்பல் விரைந்து வந்து வெளியே நங்கூரமிட்டு மூன்று நாள் காத்திருப்பது இன்றும் சாதாரணம். பெர்த் (கப்பலைக் கட்டி நிறுத்தும் இடம்) எப்போது காலியாகும் என்பதை முன்கூட்டியே சொன்னால் அந்த மூன்று நாளையும் மெதுவான ஓட்டத்தில் செலவழிக்கலாம். தொழில்நுட்பத் தடை எதுவும் கிடையாது. தடை ஒப்பந்தத்தில் இருக்கிறது: பல சார்ட்டர் (கப்பல் வாடகை) ஒப்பந்தங்கள் கப்பலை முடிந்தவரை விரைந்து வரச் சொல்கின்றன, முதலில் வந்தவருக்கே முதல் வரிசை என்ற விதியும் சேர்ந்துகொள்கிறது. காத்திருப்புக்கு டெமரேஜ் (தாமதக் கட்டணம்) கிடைக்கும் என்றால் எந்த உரிமையாளர் மெதுவாக வருவார்?

காற்றாலும் ஓட்டலாம். சுழலும் உருளைகள், விறைப்பான இறக்கைப் பாய்கள் இரண்டும் இன்று வணிகக் கப்பல்களில் இருக்கின்றன. 2023-ல் பிக்சிஸ் ஓஷன் என்ற பல்க் கேரியரில் (தானியம், தாது போன்றவற்றை மொத்தமாக ஏற்றும் கப்பல்) 37.5 மீட்டர் உயரமுள்ள இரண்டு இறக்கைகள் பொருத்தப்பட்டன. முதல் ஆறு மாத ஓட்டத்தில் நாளுக்குச் சராசரியாக 3 டன் எரிபொருள் மிச்சமானதாக அதை வாடகைக்கு ஓட்டிய நிறுவனம் அறிவித்தது. பக்கவாட்டிலிருந்து வரும் காற்றில்தான் முழுப் பலன். எதிர்க்காற்றில் அது வெறும் தடை. மேல்தளம் முழுக்கப் பெட்டி அடுக்கும் கன்டெய்னர் கப்பலுக்கு இது ஒத்துவராது. தளம் காலியாக உள்ள டேங்கருக்கும் பல்க் கேரியருக்கும் நன்றாகப் பொருந்தும். கரை கிரேன்களுக்கும் பாலங்களுக்கும் இடைஞ்சல் வராமல் மடக்க முடிகிறதா என்பதை வாங்கும் முன் பார்க்க வேண்டும்.

எல்என்ஜி: கசிவுதான் கேள்வி

மைனஸ் 162 டிகிரியில் திரவமாக்கிய இயற்கை வாயு எரிபொருள் நிரப்ப இன்று பல துறைமுகங்களில் கிடைக்கிறது. புகைபோக்கியில் வரும் கார்பன் டை ஆக்சைடை மட்டும் பார்த்தால் எண்ணெயைவிட ஏறத்தாழ கால்வாசி குறைவு. ஆனால் எரியாமல் தப்பும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல 28 முதல் 30 மடங்கு சூடேற்றும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஃபியூயல்-இயு விதி, குறைந்த அழுத்தத்தில் ஓடும் நடுத்தர வேக இரட்டை எரிபொருள் எஞ்சினுக்கு 3.1% கசிவு என்று எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் ஒரு கிலோ எல்என்ஜியில் 31 கிராம் மீத்தேன் தப்புகிறது. அது சுமார் 0.9 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கிணற்றிலிருந்து கப்பல்வரை உள்ள உமிழ்வையும் கூட்டினால் மொத்தம் எண்ணெயோடு கிட்டத்தட்டச் சமமாகிவிடுகிறது. வாயுவை உயர் அழுத்தத்தில் டீசல் முறையில் செலுத்தும் இரு-வீச்சு எஞ்சினில் அதே விதி 0.2% என்று வைக்கிறது. ஒரே எரிபொருளுக்கு எஞ்சினைப் பொறுத்து இவ்வளவு வேறுபாடு. எல்என்ஜி நல்லதா கெட்டதா என்று கேட்பவரிடம் நான் முதலில் எஞ்சின் வகையைத்தான் கேட்பேன்.

மெத்தனால்

சாதாரண வெப்பத்தில் திரவமாகவே இருப்பதுதான் இதன் பெரிய பலம். ஸ்டெனா ஜெர்மானிகா என்ற பயணிகள் ஃபெர்ரி 2015-ல் மெத்தனாலுக்கு மாற்றப்பட்டது. லாரா மெர்ஸ்க் என்ற சிறிய கன்டெய்னர் கப்பல் 2023-ல் வந்தது. அதன் பிறகு 16,000 கன்டெய்னர் அளவுள்ள பெரிய கப்பல்களும் வந்துவிட்டன. எஞ்சின் தயார், விதிகளும் ஓரளவு தயார்.

இயந்திர அறையில் என்ன மாறும்? மெத்தனாலின் ஆவி சுமார் 12 டிகிரியிலேயே தீப்பிடிக்கும். வழக்கமான கப்பல் எண்ணெய்க்கு இந்த எல்லை 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். ஆகவே தொட்டியின் மேல்வெளியை நைட்ரஜனால் நிரப்பிவைக்க வேண்டும். தொட்டியைச் சுற்றி காஃபர்டேம் எனும் வெற்றிடைவெளி வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே கப்பலின் வெளித்தகட்டை ஒட்டிய பக்கத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கால் கப்பலின் அடிப்பகுதியை ஒட்டித் தொட்டி கட்ட முடிகிறது. எல்என்ஜியில் இந்த வசதி கிடையாது. இயந்திர அறைக்குள் வரும் குழாய் இரட்டைச் சுவர் கொண்டது. இரு சுவர்களுக்கிடையே மணிக்கு 30 முறை காற்று மாற வேண்டும், அந்தக் காற்றில் ஆவி கலந்திருக்கிறதா என்று சென்சார் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மெத்தனால் தானாக எளிதில் பற்றாது என்பதால் 5% அளவுக்கு டீசலைப் பற்றவைப்பானாகச் செலுத்துகிறார்கள். எண்ணெயைப்போல அதற்கு வழுக்கும் தன்மை இல்லை. இன்ஜெக்டரின் நகரும் பாகங்களுக்குத் தனி மூடெண்ணெய் (இடுக்கை அடைத்து வழுக்கும் தன்மை தரும் எண்ணெய்) தரவேண்டும். இந்த எண்ணெயின் அழுத்தம் குறைந்தால் இன்ஜெக்டர் இறுகித் தேயும். அலுமினியம், துத்தநாகம் பூசிய இரும்பு, சில வகை ரப்பர் சீல்கள் மெத்தனாலில் நிலைக்காது. பழைய கப்பலை மாற்றும்போது எங்கோ ஒரு வால்வின் சீல் மட்டும் விட்டுப்போவதுதான் வழக்கமான தவறு.

தீ பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்குத் தெரியாது. அகச்சிவப்புக் கேமராவும் ஆல்கஹாலைத் தாங்கும் நுரையும் கட்டாயம். சாதாரண நுரை மெத்தனாலில் கரைந்து உடைந்துவிடும். கடலில் கொட்டினால் நீரில் கலந்து விரைவில் சிதைந்துவிடும் என்பது ஒரு ஆறுதல். கருநிற எண்ணெய்க் கசிவு கரையில் செய்யும் நாசம் இதில் இல்லை.

இவ்வளவும் செய்துவிட்டு, இயற்கை வாயுவிலிருந்து எடுத்த மெத்தனாலை நிரப்பினால் என்ன ஆகும்? உற்பத்தி முதல் எரிப்பு வரையான மொத்த உமிழ்வு எண்ணெயைவிடக் கூடும். நிலக்கரியிலிருந்து எடுத்தது என்றால் இன்னும் மோசம். மூலக்கூறு ஒன்றேதான், தூய மின்சாரத்தில் செய்த 'பச்சை'யா, வாயுவிலிருந்து எடுத்த 'சாம்பலா' என்று முகர்ந்து பார்த்துச் சொல்ல முடியாது. சான்றிதழ்தான் வேறுபாடு. கொள்முதல் ஒப்பந்தத்தில் மெத்தனால் என்று மட்டும் எழுதாமல், ஒரு மெகாஜூலுக்கு எத்தனை கிராம் என்ற முழுச் சுற்று உமிழ்வை எழுதி வாங்க வேண்டும்.

அம்மோனியா

இதில் கார்பனே இல்லை. பிறகு ஏன் எல்லோரும் இதற்குத் தாவவில்லை? காரணம் நச்சு. 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு) அளவிலேயே மூக்குக்குத் தெரியும். 300 பிபிஎம் உயிருக்கு உடனடி ஆபத்து தரும் எல்லையாக வைக்கப்பட்டிருக்கிறது. வாயுவாக அது காற்றைவிட இலேசானது என்று பாடப்புத்தகம் சொல்லும். அதை நம்பி மேலே போய்விடும் என்று நினைப்பதுதான் தப்பு. மைனஸ் 33 டிகிரித் திரவம் கசிந்தால் நுண்துளிகளோடு கலந்த குளிர்ந்த மேகமாகித் தளத்தோடு தவழும். எரிபொருள் அறைக்குக் காற்றுப்பூட்டு வாசல், தண்ணீர்த்திரை, சுவாசக் கருவி, தப்பிக்கும் பாதை எல்லாமே இந்த மேகத்தை மனத்தில் வைத்துத்தான் வரையப்பட வேண்டும். தண்ணீர் அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் அந்தத் தண்ணீர் மீன்களுக்கு நஞ்சு, அப்படியே கடலில் விட முடியாது. பிடித்துவைக்கத் தனித் தொட்டி வேண்டும்.

உலோகத்திலும் கவனம் தேவை. செம்பு, பித்தளை, துத்தநாகம் கூடாது. எஃகுத் தொட்டியில் ஆக்சிஜன் கலந்த நீரற்ற அம்மோனியா இருந்தால் அழுத்த அரிப்பு விரிசல் வரும். 0.2% தண்ணீர் சேர்ப்பதுதான் தொழிலில் பழகிய மருந்து. தூய்மையான சரக்கு வேண்டும் என்று யாராவது அந்தத் தண்ணீரையும் நீக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

எரியும்போது வேறொரு தொல்லை. அம்மோனியாவின் சுவாலை மீத்தேனுடையதைவிடப் பல மடங்கு மெதுவாகப் பரவும், பற்றவைப்பதும் கடினம். எரிப்பைச் சரியாக அமைக்காவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு வெளிவரும். அது கார்பன் டை ஆக்சைடைப்போல 273 மடங்கு சூடேற்றும். ஒரு கிலோ அம்மோனியாவுக்கு 1 கிராம் நைட்ரஸ் ஆக்சைடு வந்தால்கூட ஒரு மெகாஜூலுக்குச் சுமார் 15 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான உமிழ்வு சேர்ந்துவிடும். எண்ணெயின் 91 கிராமோடு ஒப்பிட்டால் கிடைத்த நன்மையில் ஆறில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கையாள்வது மட்டும் எளிது. வெளியேற்றக் குழாயில் வினையூக்கிக்கு முன் தெளிக்க வேண்டிய அம்மோனியாதான் தொட்டியிலேயே இருக்கிறதே.

2024-ல் ஃபோர்டெஸ்க்யூ கிரீன் பயனியர் சிங்கப்பூரில் அம்மோனியாவில் ஓடிக் காட்டியது. அதே ஆண்டு ஜப்பானில் சகிகாகே என்ற இழுவைப் படகு வேலைக்கு வந்தது. அம்மோனியாவைச் சரக்காக ஏற்றும் டேங்கர்களில்தான் இது முதலில் வேரூன்றும் என்பது என் கணிப்பு. அங்கே மாலுமிகளுக்கு ஏற்கெனவே பழக்கம் இருக்கிறது, எரிபொருளும் சரக்குத் தொட்டியிலேயே இருக்கிறது. பயணிகள் கப்பலில் இதை நான் எதிர்பார்க்க மாட்டேன்.

ஹைட்ரஜனுக்கு இரண்டே வரி போதும். குறுந்தூர ஃபெர்ரிகளுக்கு அது ஆகலாம், நார்வேயின் ஹைட்ரா 2023-ல் திரவ ஹைட்ரஜனில் ஓடத் தொடங்கியது. மைனஸ் 253 டிகிரித் தொட்டியைப் பெருங்கடல் கப்பலில் வைக்கும் இடமும் செலவும் மேலே போட்ட கணக்கிலேயே தெரிகிறது.

பயோடீசல் தான் இன்றைக்கே, எஞ்சினை மாற்றாமல், செய்யக்கூடிய ஒன்று. கலவையாக ஊற்றி ஓட்டலாம். ஆனால் அது தண்ணீரை இழுக்கும். தொட்டியடியில் தண்ணீர் நின்றால் எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். பழைய தொட்டியின் அடிமண்டியையும் அது கரைத்துக் கிளப்பும், அதனால் முதல் சில நாள்களுக்குக் கூடுதல் வடிகட்டிகள் கையில் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் சேமித்து வைத்தால் ஆக்சிஜனேற்றம் அடைந்து அமிலம் கூடும். குளிர்ப் பகுதிக்குப் போகும் கப்பலில் மெழுகுபோல் உறையும். நல்ல மூலப்பொருளுக்கு விமானத் துறையும் போட்டியிடுகிறது என்பதுதான் இதன் உண்மையான எல்லை.

துறைமுகம்

பெர்த்தில் நிற்கும் கப்பலின் துணை ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் தருவது புதிய யோசனை அல்ல. லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகம் 2004-லேயே கன்டெய்னர் கப்பல்களுக்கு இதைத் தொடங்கியது. இன்று 6.6 அல்லது 11 கிலோவோல்ட் இணைப்புக்குச் சர்வதேசத் தரநிலை இருக்கிறது.

செலவில் பெரிய பங்கு அதிர்வெண் மாற்றிக்குத்தான். பெரும்பாலான கப்பல்கள் 60 ஹெர்ட்ஸ். உலகின் பல மின்கட்டமைப்புகள் 50 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கு அதே மின்னழுத்தத்தில் 50 ஹெர்ட்ஸ் கொடுத்தால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், இரும்புள்ளகம் காந்தத்தால் நிறைந்து மோட்டார் சூடாகும். எனவே மாற்றி இல்லாமல் சமாளிக்க முடியாது.

இணைக்கும் வரிசை முக்கியம். முதலில் கேபிளை இறக்கிப் பொருத்தி, நிலத்தொடர்பையும் பாதுகாப்புச் சுற்றையும் சோதிக்க வேண்டும். பிறகு நில இணைப்புச் சுவிட்சுகளைத் திறந்து, மின்னழுத்தம் கொடுத்து, கட்ட வரிசை சரியா என்று பார்க்க வேண்டும். அதன்பின் கப்பல் ஜெனரேட்டரைக் கரை மின்சாரத்தோடு ஒத்தியைபுக்கு (அதிர்வெண்ணும் கட்டமும் ஒன்றும் நிலை) கொண்டுவந்து பளுவை மெல்ல மாற்ற வேண்டும். கடைசியில்தான் ஜெனரேட்டரை நிறுத்துவது. அலையேற்றத்தில் கப்பல் உயரும்போது கேபிள் இழுபடாமல் தளர்வு கொடுக்கும் ரீல் வேலை செய்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கேபிள் இழுவை எல்லையைத் தாண்டினால் இணைப்பு தானாகவே துண்டிக்கப்படும், கப்பல் இருளில் மூழ்கும்.

எல்லாக் கப்பலுக்கும் இது முழுத் தீர்வு அல்ல. சரக்கு பம்புகளை நீராவியால் ஓட்டும் டேங்கரில் பாய்லர் எரிந்துகொண்டேதான் இருக்கும். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். கப்பல் டீசல் ஜெனரேட்டர் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 690 கிராம் கார்பன் டை ஆக்சைடு விடுகிறது. நிலக்கரியை நம்பிய மின்கட்டமைப்பு அதைவிடக் கூடுதலாக விடும். அப்போதும் துறைமுகத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களின் மூச்சுக்கு நன்மை உண்டு. பருவநிலைக் கணக்கில் மட்டும் நன்மை இல்லை.

யார்டில் ஓடும் ரப்பர் சக்கர கிரேன்தான் அடுத்த எளிய இலக்கு. 20, 30 டன் பெட்டியை இறக்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகி மின்சாரம் தரும். டீசல் கிரேனில் அதை மின்தடையில் எரித்து வீணாக்குகிறார்கள். ஒரு பேட்டரியும் சிறிய ஜெனரேட்டரும் வைத்தாலே டீசல் வெகுவாக இறங்கும். முழு மின்மயம் என்றால் கேபிள் ரீல் அல்லது மின்தண்டவாளம் வேண்டும். ஒரு அடுக்கிலிருந்து மற்றொன்றுக்கு நகரும்போது பிளக்கைக் கழற்றி மாட்டும் நேரத்தைத் திட்டத்தில் சேர்க்காவிட்டால் ஆபரேட்டர்கள் டீசலுக்கே திரும்பிவிடுவார்கள். பேட்டரி டிராக்டர்களில் சிக்கல் வேறு: ஷிப்ட் மாறும் நேரத்தில் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் சார்ஜ் கேட்கும். மின் இணைப்பை அந்த உச்சத்துக்கு வாங்குவதைவிட, இடைப் பேட்டரி வைத்தோ நேரத்தைப் பிரித்தோ அதைத் தட்டையாக்குவது மலிவு.

இழுவைப் படகு மின்மயத்துக்கென்றே பிறந்ததுபோல இருக்கும். சில நிமிடம் முழு விசை, மீதி நேரம் சும்மா நிற்பது. ஆக்லாந்து துறைமுகத்தின் ஸ்பார்க்கி 2022 முதல் 70 டன் இழுவிசையோடு பேட்டரியிலேயே ஓடுகிறது.

விதி, பிறகு ஒப்பந்தம்

சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ 2023-ல் ஏற்ற இலக்கு 2050-ஐ ஒட்டி நிகர பூஜ்யம். உலகளாவிய கார்பன் கட்டணத்துக்கான சட்டகம் 2025 அக்டோபரில் நிறைவேறாமல் ஓராண்டு தள்ளிப்போனது. ஆகவே இப்போதைக்குப் பணமாகக் கடிப்பவை ஐரோப்பிய விதிகள்தான். உமிழ்வுக்கு அனுமதி வாங்க வேண்டிய ஐரோப்பியக் கார்பன் சந்தையில் 2024-க்கான உமிழ்வில் 40%, 2025-க்கு 70%, 2026 முதல் 100% கணக்கில் வருகிறது. ஃபியூயல்-இயு, எரிபொருளின் முழுச் சுற்று உமிழ்வை 2025-ல் 2%, 2030-ல் 6%, 2050-ல் 80% குறைக்கச் சொல்கிறது. 2030 முதல் பெரிய ஐரோப்பியத் துறைமுகங்களில் கன்டெய்னர், பயணிகள் கப்பல்கள் கரை மின்சாரத்தில் இணையவும் வேண்டும்.

இன்று புதிய கப்பலுக்கு ஆர்டர் தருபவர் அதிகம் ஏமாறும் இடம் "ரெடி" என்ற சொல். மெத்தனால் ரெடி, அம்மோனியா ரெடி என்று கப்பலுக்குச் சான்று தரும் வகைப்பாட்டு நிறுவனங்கள் கொடுக்கும் குறியீடு பல நிலைகளில் உண்டு. அடிமட்ட நிலையில் அது அங்கீகரித்த வரைபடம் மட்டும்தான், கப்பலில் ஒரு போல்ட்கூட மாறியிருக்காது. தொட்டியின் பூச்சு எதைத் தாங்கும், காஃபர்டேமுக்கு இடம் விட்டிருக்கிறார்களா, அம்மோனியா என்றால் தளத்தில் தொட்டி வைக்கும் வலு கட்டப்பட்டிருக்கிறதா, மாலுமிக் குடியிருப்பு காற்றுவெளியேற்றியிலிருந்து போதிய தூரத்தில் இருக்கிறதா, மாற்றும்போது எத்தனை நாள் உலர்துறையில் நிற்கும், எத்தனை கன்டெய்னர் இடம் போகும் என்ற விடைகளைக் கட்டுமான ஒப்பந்தத்தின் விவரப் பட்டியலிலேயே எண்ணாக எழுதி வாங்குங்கள். குடியிருப்பின் இடத்தைப் பின்னால் எந்த உலர்துறையாலும் மாற்ற முடியாது.